டைட்டானியத்தை உருக்க எந்தப் பாத்திரமும் தாங்காது! சீனாவின் பிடியில் இருக்கும் 'வெள்ளைப் பொடி' ஏன் இவ்வளவு முக்கியம்?

அரிய மண் தனிமங்களுக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது என்றதும் எல்லோரும் பேசியது காந்தங்களைப் பற்றித்தான். மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்குக் காந்தம் கிடைக்குமா, கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்குமா என்பதுதான் 2025-ல் பெரிய விவாதமாக ஓடியது.

ஆனால் 2025 ஏப்ரல் 4-ம் தேதி சீனா வெளியிட்ட பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், கடைசியாக இட்ரியம்.

அந்தக் கடைசிப் பெயரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இட்ரியத்தின் முக்கிய வேலை காந்தம் செய்வது அல்ல. அதன் ஆக்சைடு பார்க்கச் சாதாரண வெள்ளைப் பொடி. அதற்கு 'இட்ரியா' என்று பெயர். டைட்டானியம், யுரேனியம் போன்ற உலோகங்களை உருக்கும் பாத்திரத்தின் உள்பக்கம் பூசும் பூச்சுகளில் முதல் வரிசையில் இருப்பது இதுதான்.

ஒரு பாத்திரத்துக்கு உள்ளே அடிக்கும் பூச்சு, விமானம் முதல் அணு உலை வரை எப்படிப் பாதிக்கும்? விரிவாகப் பார்ப்போம்.

தங்கம் உருகுது, டைட்டானியம் ஏன் அடம்பிடிக்குது?

நகைப் பட்டறைகளில் தங்கம் உருக்கும் சின்னக் கிண்ணத்துக்கு 'மூசை' என்று பெயர். தங்கத்தை அதில் போட்டு, கொஞ்சம் வெங்காரம் தூவி, நெருப்பை ஊதினால் வேலை முடிந்தது. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். மூசையோடு அது எந்த வம்புக்கும் போகாது. ஊற்றிவிட்டு அதே மூசையை மறுபடியும் பயன்படுத்தலாம்.

டைட்டானியம் அப்படி இல்லை. அது உருகவே 1,668 டிகிரி வேண்டும். ஆனால் உண்மையான சிக்கல் சூடு அல்ல. அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும் பொருட்கள் நிறையவே இருக்கின்றன. டைட்டானியத்தின் குணம்தான் சிக்கல்.

உருகிய டைட்டானியத்துக்கு ஆக்சிஜன் மீது அப்படி ஒரு பசி. காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வெற்றிடத்திலோ, ஆர்கான் வாயுவிலோ வைத்து உருக்குகிறார்கள். காற்றை வெளியேற்றிவிடலாம், பாத்திரத்தை என்ன செய்வது? பெரும்பாலான செராமிக் பாத்திரங்கள் ஆக்சைடுகளால் ஆனவை, அதாவது அவற்றுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. டைட்டானியம் அந்தப் பாத்திரத்தில் இருந்தே ஆக்சிஜனைப் பிடுங்க ஆரம்பித்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், உள்ளே வைத்த பொருள் பாத்திரத்தைத் தின்கிறது. இப்படிப்பட்ட உலோகங்களைத்தான் 'வினைத்திறன் மிக்க உலோகங்கள்' என்கிறார்கள். டைட்டானியம், சிர்கோனியம், யுரேனியம் எல்லாம் இந்த வகை.

எந்தெந்தப் பாத்திரத்தை முயன்று பார்த்தார்கள்?

இதுவரை முயன்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறை இருக்கிறது.

கிராஃபைட்: விலை குறைவு, வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் டைட்டானியம் அதிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டு டைட்டானியம் கார்பைடாக மாறும். உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

அலுமினா: உலைகளில் அதிகம் பயன்படும் செராமிக் இதுதான். உருகிய டைட்டானியம் இதைக் கரைத்துவிடும். அலுமினியமும் ஆக்சிஜனும் உலோகத்துக்குள் போய்ச் சேரும்.

சிர்கோனியா: அலுமினாவைவிடப் பரவாயில்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும்.

கால்சியம் ஆக்சைடு: நமக்குத் தெரிந்த சுட்ட சுண்ணாம்புதான். டைட்டானியத்திடம் இது நன்றாகவே தாக்குப்பிடிக்கும், விலையும் மலிவு. ஆனால் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கொதித்து, பொரிந்து, மாவாகிவிடும். காற்றில் இருக்கும் ஈரமே போதும், நாளடைவில் பாத்திரம் உதிர்ந்துவிடும்.

இட்ரியா: இதன் உருகுநிலை 2,400 டிகிரிக்கும் மேல். ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பதால் டைட்டானியத்தால் கூட எளிதில் பிடுங்க முடியாது. ஈரத்திலும் சுண்ணாம்பு மாதிரி உடனே உதிராது.

அப்புறம் என்ன, இட்ரியாவிலேயே முழுப் பாத்திரத்தைச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். விலை கட்டுப்படியாகாது. தவிர, திடீரென்று சூடேற்றினால் இட்ரியா விரிசல் விடும். அதனால் கிடைத்த நடுவழிதான் பூச்சு. பாத்திரத்தை மலிவான கிராஃபைட்டிலோ வேறு செராமிக்கிலோ செய்துகொண்டு, உலோகம் தொடும் உள்பக்கத்தில் மட்டும் இட்ரியா பூசுவது.

பூச்சு எப்படி அடிப்பாங்க?

முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இட்ரியா பொடியைக் குழம்பாகக் கரைத்துத் தூரிகையால் பூசி அல்லது தெளித்து, காயவைத்துச் சுடுவது. இன்னொன்று 'பிளாஸ்மா தெளிப்பு'. மிக அதிக வெப்பமுள்ள பிளாஸ்மா சுவாலைக்குள் பொடியைச் செலுத்தி, அது உருகிய துளிகளாகப் பாத்திரத்தின் மேல் மோதி ஒட்டும்படி செய்வது. இந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் சில தலைமுடிகளை அடுக்கி வைத்த அளவுதான்.

கேட்பதற்கு எளிது, ஒட்ட வைப்பதுதான் கஷ்டம். சூடாகும்போது கிராஃபைட் ஓரளவு விரியும், இட்ரியா அதைவிட அதிகமாக விரியும். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பூச்சுக்கும் பாத்திரத்துக்கும் இழுபறி நடக்கும். சில சுற்றுகளில் பூச்சில் விரிசல் விழும், அல்லது செதிலாக உரியும். இதைத் தவிர்க்க நடுவில் இன்னொரு பொருளால் ஒரு அடுக்கு கொடுப்பார்கள். அந்த அடுக்கு என்ன பொருள், எவ்வளவு தடிமன், எந்தச் சூட்டில் சுடுவது என்பதெல்லாம்தான் தொழில் ரகசியம்.

உரிந்த பூச்சு எங்கே போகும்? நேராக உருகிய உலோகத்துக்குள். அசுத்தம் வரக் கூடாது என்று அடித்த பூச்சே அசுத்தமாக மாறிவிடும். டைட்டானியம்-அலுமினியம் கலவைகளை இட்ரியாவில் வைத்து உருக்கும்போது உலோகத்துக்குள் இட்ரியா துகள்கள் சிக்கிக்கொள்வது ஆய்வுகளில் பதிவான பிரச்சினை.

ஒரு சின்னத் துகளால் அப்படி என்ன ஆகிவிடும்?

1989 ஜூலை 19. அமெரிக்காவின் டென்வரில் இருந்து சிகாகோவுக்கு யுனைடெட் ஏர்லைன்ஸின் 232-ம் எண் விமானம் 296 பேருடன் கிளம்பியது. நடுவானில் பின்பக்க எஞ்சினின் விசிறி வட்டு வெடித்துச் சிதறியது. பறந்த துண்டுகள் விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் அதை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் உயிரிழந்தனர், 184 பேர் பிழைத்தனர்.

விசாரணையில் தெரிந்த காரணம்: அந்த டைட்டானிய வட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த ஒரு சின்னக் குறை. உலோகத்தை உருக்கும்போது நைட்ரஜன் அதிகமாகக் கலந்து இறுகிப்போன ஒரு புள்ளி அது. அங்கிருந்து தொடங்கிய விரிசல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. அந்த உலோகம் உருக்கப்பட்டது 1971-ல். விபத்து நடந்தது 18 ஆண்டுகள் கழித்து.

அந்தக் குறைக்குப் பாத்திரப் பூச்சு காரணம் அல்ல. ஆனால் உருக்கும் கட்டத்தில் நுழையும் அசுத்தம் எவ்வளவு காலம் பொறுமையாகக் காத்திருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. அதன்பிறகு எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கான டைட்டானியத்தை உருக்கும் முறையும் சோதிக்கும் முறையும் கடுமையாக்கப்பட்டன.

பூச்சே இல்லாமல் உருக்க முடியாதா?

முடியும். உலகில் தயாராகும் டைட்டானியக் கட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் உருக்கப்படுகின்றன. தண்ணீரால் குளிர்விக்கப்படும் செம்புப் பாத்திரத்துக்குள் மின்வில்லை வைத்தோ, எலக்ட்ரான் கற்றையை வைத்தோ உருக்குவார்கள். குளிர்ந்த செம்பைத் தொட்டதும் டைட்டானியம் ஓரமாக உறைந்து ஓடு போல நின்றுவிடும். டைட்டானியமே டைட்டானியத்துக்குப் பாத்திரமாக மாறிவிடுகிறது. செம்பை உலோகம் தொடுவதே இல்லை.

அருமையான யோசனைதான். ஆனால் இதற்கும் விலை உண்டு. கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைக் குளிர்நீர் அடித்துக்கொண்டு போய்விடும், மின்சாரச் செலவு எகிறும். எங்காவது கசிந்து தண்ணீர் உருகிய டைட்டானியத்தில் பட்டால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகத்தை உருகுநிலைக்கு மேல் அதிகம் சூடாக்க முடியாது. அதனால் மெல்லிய, நெளிவு சுளிவான அச்சுகளுக்குள் ஓடி நிரம்புவதற்குள் உறைந்துவிடும்.

பெரிய கட்டி வேண்டுமென்றால் செம்புப் பாத்திரம் போதும். எஞ்சின் உறைகள், பம்பு பாகங்கள், செயற்கை இடுப்பு மூட்டு மாதிரியான வார்ப்புகளுக்கு, உலோகம் ஊற்றப்படும் அச்சின் உள்பக்கமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கேயும் இட்ரியா பூச்சுதான் முன்னணியில் நிற்கிறது. பூச்சு சரியில்லை என்றால் வார்ப்பின் மேல்தோல் ஆக்சிஜன் ஏறிக் கடினமாகி நொறுங்கும். அந்தத் தோலை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த குளியலில் கரைத்து எடுக்க வேண்டும். அது தொழிலாளர்களுக்கு மிக ஆபத்தான அமிலம்.

இன்னொன்று, கழிவு. விமானப் பாகங்களைக் கடைந்து எடுக்கும்போது வாங்கிய டைட்டானியத்தில் பெரும்பகுதி சுருள் சுருளாகச் சீவலாகப் போகிறது. அதை மலிவாகத் திரும்ப உருக்க நல்ல பூச்சுள்ள பாத்திரம் கிடைத்தால், டைட்டானியத்தின் விலையே இறங்க வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வுகளில் இவ்வளவு ஆர்வம்.

கல்பாக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

யுரேனியமும் இதே குணம் உள்ள உலோகம். 1,132 டிகிரியிலேயே உருகிவிடும் என்றாலும் கிராஃபைட்டைத் தொட்டால் கார்பைடாக மாறும்.

அமெரிக்காவின் ஐடஹோவில் 1964 முதல் 1994 வரை ஓடிய 'இபிஆர்-2' என்ற வேக அணு உலை உலோக எரிபொருளில் இயங்கியது. அந்த எரிபொருளை வார்க்க, இட்ரியா பூசிய கிராஃபைட் பாத்திரத்தில்தான் யுரேனியக் கலவையை உருக்கினார்கள்.

செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் 2024 மார்ச் 4-ம் தேதி பிரதமர் மோடி முன்னிலையில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி ('கோர் லோடிங்') தொடங்கியது. இந்த உலைக்கு ஆக்சைடு எரிபொருள்தான், அதனால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வருங்கால வேக உலைகளுக்கு உலோக எரிபொருளைக் கொண்டுவருவது இந்தியாவின் நீண்டகாலத் திட்டம். எரிபொருள் வேகமாகப் பெருகும் என்பதுதான் காரணம். அதற்காகவே கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், கிராஃபைட் மேல் பிளாஸ்மா தெளிப்பில் செராமிக் பூச்சு அடித்து, உருகிய யுரேனியத்தையும் உப்பையும் அது எவ்வளவு தாங்குகிறது என்ற ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இந்தியாவிடம் என்ன இருக்கு, என்ன இல்லை?

டைட்டானியம் தாது விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருந்து கேரளத்தின் சவரா வரை கடற்கரை மணலிலேயே இல்மனைட் இருக்கிறது. சவராவில் கேரள அரசின் கேஎம்எம்எல் நிறுவனம், இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையத்தின் நிதியிலும் டிஆர்டிஓ ஆய்வகத்தின் தொழில்நுட்பத்திலும் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையை அமைத்திருக்கிறது. ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் டைட்டானியத்தை உருக்கிக் கட்டியாக்குகிறது. 2025 மே மாதம் லக்னோவில் டைட்டானியம், சூப்பர் அலாய் ஆலை ஒன்றைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்துவைத்தார்.

அடுத்து இட்ரியம். இங்கேதான் கதை மாறுகிறது.

இந்தியாவில் 1 கோடியே 31 லட்சம் டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக மத்திய அரசு சொல்கிறது. ஆனால் நம் மோனசைட்டில் இருப்பவை பெரும்பாலும் 'லேசான' அரிய மண் தனிமங்கள்: லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்றவை. இட்ரியம் உள்ளிட்ட 'கனமான' வகை மிகக் குறைவு. உலகச் சந்தைக்கு அவற்றைத் தருவது முக்கியமாகத் தென் சீனாவிலும் மியான்மரிலும் கிடைக்கும் ஒருவகைக் களிமண். பிரித்தெடுக்கும் ஆலைகள் பெரும்பாலும் சீனாவில். அமெரிக்காவே இட்ரியத்துக்கு முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது.

மோனசைட்டில் தோரியமும் இருப்பதால் கதிர்வீச்சு கேள்வியும் கூடவே வருகிறது. கன்னியாகுமரி கடலோர கிராமங்களில் மணல் எடுப்புக்கு எதிர்ப்பு தொடர்ந்து எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். 'நம்ம மணலைத் தோண்டினால் போதும்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவ்வளவு தோண்டினாலும் கிடைக்கப்போகும் இட்ரியம் கொஞ்சம்தான்.

அரசுத் திட்டங்கள் கைகொடுக்குமா?

2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய முக்கிய கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரிய மண் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டம் வந்தது. இரண்டும் நல்ல தொடக்கம். ஆனால் காந்தத் திட்டத்தின் மையம் நியோடிமியம். அதில் ஜெயித்தாலும் இட்ரியா பொடி தானாக வந்துவிடாது.

சீனாவும் முழுத் தடை போடவில்லை. ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்க வேண்டும், யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்கு என்று சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. 2025 அக்டோபர் 30-ல் தென் கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு, அக்டோபரில் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளைச் சீனா ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ஏப்ரல் பட்டியல் அந்த நிறுத்திவைப்பில் சேரவில்லை. 'எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்' என்ற கேள்விக்கு விமான எஞ்சின், ராணுவம், அணுசக்தி என்று பதில் சொல்ல வேண்டிய துறைகளுக்குத்தான் இதில் நெருக்கடி அதிகம்.

போட்டியும் கூடுதல். ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடுகளை வெப்பத்தில் இருந்து காக்கும் பூச்சிலும் இட்ரியா கலக்கிறார்கள். சிப் தயாரிக்கும் இயந்திரங்களின் உள்சுவரிலும் இட்ரியா பூசுகிறார்கள். பொடி குறைந்தால் அதிக விலை கொடுப்பவருக்கே முதலில் கிடைக்கும். வார்ப்படத் தொழிலும் ஆய்வுக்கூடங்களும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

வேறு வழியே இல்லையா?

மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, மாற்றுப் பூச்சு. கால்சியம் சிர்கோனேட், பேரியம் சிர்கோனேட் போன்ற கலவைகளில் உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. இட்ரியா அளவுக்கு எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று இன்னும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, பழையதில் இருந்து எடுப்பது. வீட்டில் ஃபியூஸ் போன டியூப்லைட், சிஎஃப்எல் பல்புகளின் உள்ளே சிவப்பு ஒளி தரும் வெள்ளைப் பொடி இட்ரியம் ஆக்சைடால் ஆனதுதான். பிரான்ஸில் சொல்வே நிறுவனம் இதைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அரிய மண் விலை சரிந்ததும் கட்டுப்படியாகாமல் 2016-ல் ஆலையை மூட முடிவெடுத்தது. இப்போது கணக்கு மாறலாம். ஆனால் எல்லோரும் எல்இடிக்கு மாறிவிட்டதால், பழைய பல்புகள் குப்பைக்குப் போய் முடிவதற்குள் சேகரித்தால்தான் உண்டு.

மூன்றாவது, பூச்சை நீண்ட நாள் உழைக்க வைப்பது. ஒரு பூச்சு மூன்று முறைக்குப் பதில் பத்து முறை தாங்கினால், தேவைப்படும் இட்ரியா மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இதற்குச் சுரங்கம் வேண்டாம், வெளிநாட்டு உரிமம் வேண்டாம். பொருளறிவியல் ஆய்வகங்களும், அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப் பணமும், பொறுமையும் போதும். கல்பாக்கத்திலும் ஹைதராபாத்திலும் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

என்ன கவனிக்கணும்?

'தற்சார்பு' என்றதும் நம் கணக்கு தாதுவில் தொடங்கி விமானத்தில் முடிந்துவிடுகிறது. எத்தனை டன் மணல், எத்தனை கோடியில் ஆலை என்பதுதான் செய்தியாகிறது. நடுவில் இருக்கும் பாத்திரமும், அந்தப் பாத்திரத்தின் உள்பூச்சும், அந்தப் பூச்சுக்கான பொடியும் எந்த அறிவிப்பிலும் தனியாக வருவதில்லை.

ஆனால் சங்கிலி அறுந்தால் அறுவது அங்கேதான். இனி முக்கிய கனிமம் பற்றிய அறிவிப்பு வரும்போது, எத்தனை கோடி என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். காந்தத்துக்கு வழி செய்தாச்சு, இட்ரியத்துக்கு என்ன வழி?